சுரூபமும் மேலெழுத்தும்: வெள்ளலூர்க் காசுகளும் வரிக்காசுக் கேள்வியும்

குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து ஐந்தருவி வரையில் சாலையோரம் எங்கும் கடைகள் முளைத்துவிடும். பழக்கடைகளுக்கும் எண்ணெய்க் கடைகளுக்கும் நடுவே, துணி விரித்துப் பழைய காசுகளையும் மோதிரங்களையும் பரப்பி வைத்திருப்போரையும் காணலாம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் சபை மூப்பர் ஒருவர் அத்தகைய கடையொன்றில் வாங்கிய வெள்ளிக் காசு ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொண்டுவந்தார். ஒரு பக்கம் இலைமுடி சூடிய தலை; மறுபக்கம் ஆசனத்தில் அமர்ந்த பெண்ணுருவம்; இரு பக்கமும் இலத்தீன் எழுத்துகள். நம் ஆண்டவர் பார்த்துக் கேள்வி கேட்ட வரிக்காசு இதுவே என்று கடைக்காரர் கூறினாராம். அதனைச் சட்டமிட்டு ஞாயிறு பள்ளியின் சுவரில் மாட்ட வேண்டும் என்பது மூப்பரின் ஆவல்.

காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடிற்று. இரண்டு பாதி அச்சுகளைச் சேர்த்து உலோகத்தை உருக்கி வார்த்தால்தான் அத்தகைய கோடு விழும். உரோமையர் தம் வெள்ளிக் காசுகளை வார்த்தவர் அல்லர். சூடேற்றிய வெள்ளி வில்லையை இரு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தவர். எழுத்துகளும் கரைந்த சோப்புக் கட்டியின் மேலிருந்த எழுத்துகளைப் போல மழுங்கியிருந்தன. போலி என்று சொல்லவேண்டியதாயிற்று. மூப்பர் பெரிதாக வருந்தவில்லை. "அப்படியானால் அசல் காசு எங்கே ஐயா கிடைக்கும்? எருசலேமிலா?" என்று மட்டும் கேட்டார். "ஆம், எருசலேமில்தான்" என்று நானும் தயங்காமல் விடையளித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்க பீடத்திலிருந்து நான் சொல்லிவந்ததும் அதுவே. யூதர் ஒவ்வொருவரின் இடுப்புக் கச்சையிலும் இந்தக் காசு இருந்தது என்று அடித்துப் பேசியிருக்கிறேன். பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது என் விடை பெரும்பாலும் தவறு எனக் கண்டேன். மூப்பர் கேட்ட அசல், எருசலேமின் மண்ணில் கிடைத்ததைவிடப் பன்மடங்கு மிகுதியாக நம் கொங்கு நாட்டு மண்ணில் கிடைத்திருக்கிறது.

இச்செய்தி மாற்கு 12, மத்தேயு 22, லூக்கா 20 ஆகிய அதிகாரங்களில் வருவதை வாசகர் அறிவர். நம் பழைய தமிழ்த் திருப்புதலில் இப்பகுதியின் சொற்களே தனிச் சுவை உடையவை. கிரேக்கத்தில் 'தெனாரியோன்' என இருப்பதை மொழிபெயர்ப்பாளர் 'பணம்' என்றனர். இன்று பணம் என்றால் நாம் பொதுவாகச் செல்வத்தை நினைக்கிறோம். அன்றோ அது கையில் எடுத்து எண்ணக்கூடிய ஒரு குறிப்பிட்ட சிறு காசின் பெயர். தென்காசிக்கு மேற்கே எட்டுக் கிலோமீட்டரில் உள்ள செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பது அந்நாட்டுக் கணக்கு. திராட்சத்தோட்ட உவமையில் நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி என்று வாசித்தபோது, அக்காலத்துச் செங்கோட்டைச் சபையார் நம்மைவிடத் தெளிவாகக் காட்சியைக் கண்டிருப்பர். அவ்வாறே 'சீசர்' என்பதை 'இராயன்' என்றனர். விசயநகரத்து இராயரை நினைவூட்டும் அச்சொல் நம் பகுதிக்கு மிகவும் பொருந்துவது. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதர் கோவிலை எழுப்பினான். அவனுடைய மரபினர் பின்னாளில் அந்த இராயர்களுக்கு அடங்கி ஆண்டவர்கள். தொலைவிலுள்ள இராயனுக்கு வரி செலுத்துவது எத்தகையது என்பதைத் தென்காசி அறியும்.

இனிக் காசைப் பார்ப்போம். 'வரிக்காசு' என மரபாகச் சுட்டப்படுவது, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியு இராயனின் தெனாரியம். எடை ஏறத்தாழ 3.8 கிராம், ஏறக்குறைய முழுவதும் தூய வெள்ளி. முன்புறத்தில் வலப்பக்கம் நோக்கிய இராயனின் தலை. அதைச் சுற்றிச் சுருக்கெழுத்தில், 'திபேரியு சீசர், தெய்வமாகிய அகுஸ்துவின் குமாரன், அகுஸ்து' எனப் பொருள்படும் மேலெழுத்து. பின்புறத்தில் ஒரு கையில் கோலும் மறு கையில் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். அவளைச் சுற்றி 'பொன்டிஃப் மாக்சிம்', அதாவது தலைமைக் குரு என்ற பட்டம். அப்பெண் இராயனின் தாய் லிவியா என்பாரும், சமாதானத்தின் உருவகம் என்பாரும் உளர். காசில் அவள் பெயர் இல்லை. இக்காசு பெரும்பாலும் இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரில் அடிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வடிவம் மாறாமல் வெளிவந்தது. ஆட்சி தொடங்கிய சில ஆண்டுகளில் நான்கு குதிரை பூட்டிய தேரில் இராயன் நிற்கும் வேறொரு வகையும் வெளிவந்து நின்றுபோயிற்று. புதுமையில் நாட்டமில்லாத மன்னன் போலும்!

கோயம்புத்தூருக்கு அருகே நொய்யலாற்றங்கரையிலுள்ள வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் 522 தெனாரியங்கள் இருந்தன. அதே ஊரில் 1891ஆம் ஆண்டு மீண்டும் 547 தெனாரியங்கள் கிடைத்தன. ஆக, ஒரே சிற்றூரிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட உரோமை வெள்ளிக் காசுகள்! இவற்றுள் மிகப் பெரும்பான்மை அகுஸ்து, திபேரியு என்னும் இரு இராயர்களுடையவை. அவ்விருவருள்ளும் திபேரியுவின் காசுகளே மிகுதி. இராபர்ட் சூவல் 1904இல் இந்தியாவில் கிடைத்த உரோமைக் காசுகளைத் தொகுத்து எழுதியபோது இந்தப் போக்கைத் தெளிவாகக் காட்டினார். பொள்ளாச்சி, கரூர் முதலிய இடங்களும் இதே கதையைக் கூறுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகத்தையும் கரூரையும் இணைத்த பெருவழியில் இவ்வூர்கள் அமைந்திருப்பது தற்செயல் அன்று. நம் செங்கோட்டைக்கு மேற்கேயுள்ள ஆரியங்காவுக் கணவாய் அதனினும் குறுகியது. ஆயினும் முதல் நூற்றாண்டின் 'எரித்திரேயக் கடற்பயண நூல்' மேற்குக் கரையிலிருந்த நெல்கிந்தாத் துறைமுகம் பாண்டியனுக்கு உரியது என்று கூறுகிறது. மதுரையிலிருந்த பாண்டியன் மலைக்கு அப்பாலுள்ள துறைமுகம் ஒன்றை ஆள வேண்டுமானால் மலையிடைக் கணவாய்கள் அவனுக்குத் திறந்திருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று நம்முடையதாயிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகத்துக்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

அதே நூல், முசிறிக்கும் நெல்கிந்தாவுக்கும் வந்த சரக்குகளைப் பட்டியலிடும்போது மிகுதியான நாணயத்தை முதலாவதாகக் குறிக்கிறது. சரக்காக வந்ததே காசுதான். யவனர் கலங்கள் பொன்னுடன் வந்து மிளகுடன் மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடலும் அறியும். பிளினி என்னும் உரோமை அறிஞர், இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சுக்குக் குறையாமல் தம் பேரரசிலிருந்து ஈர்த்துக்கொள்கிறது என்று முறையிட்டார். நான்கு செஸ்டர்சு ஒரு தெனாரியம். எனவே அது ஒன்றே கால் கோடி தெனாரியம். திராட்சத்தோட்ட உவமையின் கணக்கில் ஒன்றே கால் கோடி ஆட்களின் ஒருநாட் கூலி. பிளினியின் எண்ணை அப்படியே நம்பவேண்டுமென்பதில்லை. ஆடம்பரத்தைக் கடிந்து பேசுவோர் எண்களைச் சற்றுப் பெருக்குவது எக்காலத்துக்கும் உரியது, நம் பிரசங்கங்களுக்கும் உரியது. திபேரியு இராயனே கி.பி. 22இல் ஆட்சிமன்றத்துக்கு எழுதிய மடலில், பெண்டிரின் இரத்தினங்களுக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறது என்று வருந்தியதாகத் தாசித்து என்னும் வரலாற்றாசிரியர் கூறுவார். அவ்வாறு போன பணத்தில் வருந்தியவனின் முகமே பொறிக்கப்பட்டிருந்தது.

இவ்விருவருக்குப் பின் வந்த இராயர்களின் வெள்ளிக் காசுகள் இங்கு ஏன் அருகின? கி.பி. 64இல் நீரோ தெனாரியத்தின் எடையைக் குறைத்தான். வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். நம் வணிகர் அதனை அறியாதவர் அல்லர். பழைய நல்ல காசையே கேட்டு வாங்கினர் என்று பொதுவாக விளக்குவர். இதனால் காசு அடிக்கப்பட்ட ஆண்டு வேறு, அது இங்கு வந்து சேர்ந்த ஆண்டு வேறு ஆகலாம். திபேரியுவின் காசு அவன் இறந்து பல ஆண்டுகள் கழித்தும் கப்பலேறியிருக்கக் கூடும். இக்காசுகளைத் தோமா அப்போஸ்தலரின் வருகைக்குச் சான்றாகக் காட்டும் நண்பர்கள் இதனைக் கருதவேண்டும். கப்பல் வந்தது என்பதற்குக் காசு சான்று. கப்பலில் யார் வந்தார் என்பதை அது சொல்லாது.

நம் நாட்டார் அந்தச் சுரூபங்களை எவ்வாறு பார்த்தனர்? பிளினி சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதற்கு ஒளி தருகிறது. கிளவுதியு இராயன் காலத்தில், செங்கடல் பகுதியின் வரிக்குத்தகை எடுத்திருந்த அன்னியு பிளோக்காமு என்பவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், காற்றில் அடிபட்டு இலங்கைக் கரையை அடைந்தான். இலங்கை மன்னன் அவனிடமிருந்த தெனாரியங்களை எடுத்துப் பார்த்தான். முகங்கள் வேறுவேறாயிருந்தமையால் அவை பல இராயர் காலத்தவை என்பது விளங்கிற்று. ஆயினும் எல்லாம் ஒரே எடையாயிருந்தன. இத்தகைய நேர்மையை வியந்து மன்னன் உரோமைக்குத் தூதனுப்பினானாம். இதில் உரோமைத் தற்பெருமை கலந்திருக்கலாம். ஆயினும் மன்னன் பார்த்த முறையைக் கவனியுங்கள். முகம் எவருடையது என்பது அவனுக்குப் பொருட்டன்று. நிறை எவ்வளவு என்பதே பொருட்டு. பரிசேயருக்குச் சுரூபமே இடறல். இலங்கை மன்னனுக்கு அது அடையாளக் குறிக்கு மேல் எதுவுமில்லை.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகள் இன்னும் கடுமையான சான்று. அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் இராயனின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. வெள்ளிக் காசுகளிலும் இத்தகைய வெட்டு உண்டு. தெலுங்கு நாட்டின் அக்கன்பள்ளியில் கிடைத்த 1,531 தெனாரியங்களுள் பலவற்றில் அதனைக் காணலாம். உள்ளே செம்பு இருக்கிறதா எனச் சோதிக்க வெட்டினர் என்பர் சிலர். அந்நிய மன்னனின் ஆணை இங்குச் செல்லாது, இது இனி வெறும் உலோகமே எனக் காட்ட வெட்டினர் என்பர் வேறு சிலர். வெட்டு பெரும்பாலும் தலையின்மேலேயே விழுவதால் இரண்டாவது கருத்தே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும் இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து சேர மன்னர்களின் வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டு, நடுவே மன்னனின் தலை அமைந்துள்ளது. உரோமைக் காசைப் பார்த்தே இவ்வழக்கம் வந்தது என்பது அறிஞர் கருத்து. ஒருவன் இராயனின் தலையை வெட்டினான். இன்னொருவன் அவ்விடத்தில் தன் தலையை வைத்தான். உருவம் அதிகாரத்தின் குறி என்பதை இருவரும் அறிந்தேயிருந்தனர்.

இப்போது எருசலேமுக்குத் திரும்புவோம். அங்கே நடந்த அகழாய்வுகளில் கி.பி. 70க்கு முற்பட்ட தெனாரியங்கள் மிகச் சொற்பமாகவே கிடைத்துள்ளன. யூதேயாவின் பெரிய வெள்ளிக் காசு தெனாரியம் அன்று, தீரு நகரத்துச் சேக்கல். அதன் ஒரு பக்கம் மெல்கார்ட் என்னும் தீரு நகரத்துத் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. ஆலய வரி செலுத்தப்பட்டது அதிலேதான். விக்கிரகம் பொறித்த காசு தேவாலயக் கருவூலத்துக்குள் எவ்வாறு போயிற்று என்று நாம் திகைப்போம். அதன் வெள்ளி தூயது என்பதே காரணம். இலங்கை மன்னனின் நோக்கு எருசலேமின் ஆசாரியருக்கும் அந்நியமன்று. கர்மேல் மலையில் இஸ்பியா என்னும் ஊரில் 1960இல் வெளிப்பட்ட பெரும் புதையலிலும் தீரு நகரத்துக் காசுகள் ஆயிரக்கணக்கில் இருக்க, தெனாரியங்கள் ஏறத்தாழ 160 மட்டுமே. அவையும் பெரும்பாலும் அகுஸ்துவினுடையவை. எனவே ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டது திபேரியுவின் காசுதான் என உறுதிகூற இயலாது என்று ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். அந்தியோகியாவில் அடித்த பெரிய வெள்ளிக் காசாயிருக்கலாம் என்று கூறுவோரும் உளர்.

நான் மாற்கு எழுதிய சொல்லை விட்டு விலகத் தேவையில்லை எனக் கருதுகிறேன். தெனாரியம் அருகியதே தவிர, இல்லாததன்று. மேலும் மாற்கின்படி, தாம் பார்க்கும்படி அதனைக் கொண்டுவருமாறு ஆண்டவர் கேட்கிறார்; அவர்கள் கொண்டுவருகிறார்கள். அருகிய காசைத் தேடிக் கொண்டுவரும் காட்சியாக இதனை வாசிக்க இடமுண்டு. அவ்வாறாயின், 'பரிசேயரின் சொந்தப் பையிலிருந்தே காசு வெளிவந்தது. ஆகவே அவர்கள் மாயக்காரர்' என்று நாம் விரும்பிச் செய்யும் பிரசங்கம் தளர்ந்துபோகும். நானும் அதைச் செய்தவனே. சுவிசேஷகர் அவர்களை மாயக்காரர் எனக் காட்டுவது கேள்வியின் உள்நோக்கத்தினால். பையின் சோதனையினால் அன்று.

நாம் இழப்பது அவ்வளவே. மேலெழுத்தைப் பற்றிய கருத்து அசையாமல் நிற்கிறது. வெள்ளலூரில் மிகுதியாகக் கிடைத்த அகுஸ்துவின் காசிலும், அவன் 'தெய்வமாகியவரின் குமாரன்' என்றே எழுதியிருக்கிறது. கொலையுண்டபின் தெய்வமாக்கப்பட்ட யூலியு சீசரே அத்தெய்வம். எனவே தெனாரியம் எந்த இராயனுடையதாயினும் அந்த உரிமைகோரல் அதில் இருந்திருக்கும். அதே அகுஸ்துவின் காசின் பின்புறம் இன்னும் கவனிக்கத்தக்கது. அவன் சுவீகாரம் எடுத்த காயு, லூசியு என்னும் இரு இளைஞர் கேடயங்களுடனும் ஈட்டிகளுடனும் நிற்கின்றனர். அரசுரிமைக்கென வளர்க்கப்பட்ட அவ்விருவரும் கி.பி. 2இலும் 4இலும் மாண்டனர். அவர்கள் தலைக்குமேல் இரண்டு சிறு பொருள்கள் தெரியும்: பானபலி ஊற்றும் அகப்பை ஒன்று, நிமித்தம் பார்க்கும் குருவின் வளைந்த கோல் ஒன்று. இவ்விரண்டையும் நாம் வேறொரு இடத்தில் சந்திக்கிறோம். பொந்தியு பிலாத்து யூதேயாவில் அடித்த சிறு செம்புக் காசுகளில் கி.பி. 29-30இல் அந்த அகப்பையும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் கோலும் பொறிக்கப்பட்டன. மனித முகத்தைத் தவிர்த்தான்; ஆனால் உரோமை வழிபாட்டுக் கருவியை வைத்தான். ஏழைப் பெண் காய்கறி வாங்கிய சில்லறையிலேயே புறச்சமயப் பூசைப்பொருள் இருந்தது. இராயனின் காசைத் தொடாதிருந்தால் தூய்மையாயிருக்கலாம் என்று எவரும் எண்ண வழியில்லை.

மேலும் ஒரு சொல் நம் மாணவர்கள் கவனிக்கவேண்டியது. மாற்கில் காசின் சுரூபத்துக்குக் கிரேக்கத்தில் 'எய்கோன்' என்றிருக்கிறது. ஆதியாகமம் முதலதிகாரத்தில் மனிதன் தேவனுடைய சாயலில் படைக்கப்பட்டதைக் கிரேக்க எழுபதின்மர் திருப்புதல் குறிக்கும்போதும் அதே சொல்தான். இராயனின் உருவம் காசில், தேவனின் உருவம் மனிதனில் என்று தெர்த்துல்லியன் முதலான பழைய ஆசிரியர் பொருள் விரித்தது இதனாலேயே. நம் தமிழில் ஒன்று 'சுரூபம்', மற்றது 'சாயல்'. தமிழில் மட்டும் கேட்கும் சபையாருக்கு இத்தொடர்பு காதில் விழுவதில்லை. போதகரே எடுத்துக் காட்டவேண்டும். வரி கொடுக்கலாம் என்பதை ஆண்டவர் மறுக்கவில்லை. கி.பி. 6இல் குடிமதிப்பின்போது கலகம் செய்த கலிலேயனாகிய யூதாவின் வழியை அவர் எடுக்கவில்லை. ஆனால் இராயனுக்கு உரியது எது எனக் காட்டக் காசு போதுமாயிருந்தது. தேவனுக்கு உரியதைக் காட்ட அவர் எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை. கேட்டவர்களே அங்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

மூப்பரிடம் போய் என் விடையைத் திருத்திக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. எருசலேமைவிட வெள்ளலூரில் மிகுதி என்று கேட்டு அவர் சிரித்தார். பின்னர்த் தம் பாட்டியின் பெட்டியிலிருந்து இரண்டு காசுகளை எடுத்து வந்தார். ஒன்று விக்டோரியாவின் வெள்ளி ரூபாய். முடிசூடிய தலையும் 'பேரரசி' என்ற மேலெழுத்தும் உடையது. மற்றது திருவிதாங்கூரின் சிறு வெள்ளிப் பணம். அதில் முகமில்லை, சங்கு இருந்தது. பத்மநாபதாசர் என்று தம்மை அழைத்துக்கொண்ட மன்னர்களின் காசில் அவர்கள் தெய்வத்தின் சின்னம். எட்டுக் கிலோமீட்டர் இடைவெளியில் இரு நாடுகள், இரு மேலெழுத்துகள். தென்காசிக் கிறிஸ்தவர் இருபுறமும் சந்தைக்குப் போய்வந்தவர்கள். ரூபாயைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு தோலா, ஏறத்தாழ 11.66 கிராம், திபேரியுவின் தெனாரியம் மூன்றின் எடை.

ஞாயிறு பள்ளிச் சுவரில் இப்போது அவ்விரண்டும் சட்டத்துக்குள் இருக்கின்றன. போலிக் காசையும் அவற்றின் கீழே, போலி என்று எழுதி, மாட்டியிருக்கிறோம். சங்குக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போட்டார்களா என்று ஒரு சிறுமி கேட்டாள். மூப்பர் தம் பாட்டி போட்டதுண்டு என்றார்.